குதிரையால் வெட்டியிருந்தால்

லிப்ட்காரர் முப்பத்தொரு வருடமாக லிப்ட் பழுதுபார்க்கிறார். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் அவர் ஏறாத கட்டடம் குறைவு. ஆனால் எல்லாவற்றிலும் படி வழியாகத்தான் ஏறியிருக்கிறார். அவரைக் கூப்பிடும் நேரத்தில் லிப்ட் ஓடுவதில்லையே. இதை அவரே சொல்லிச் சொல்லி, இப்போது வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "உக்காருங்க. கதவைத் தொடாதீங்க. காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். நான் இங்கயேதான் நிக்கறேன்." மோட்டார் அறையில் என்ன கெட்டிருக்கிறது என்று அவருக்கே தெரியாத நேரத்திலும் குரல் மட்டும் அசையாது. உள்ளே அழுதுகொண்டிருந்த ஒரு வக்கீல் பத்து நிமிடத்தில் அவரிடமே வீட்டுக் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

இப்படி ஊருக்கெல்லாம் பதமாகப் பேசத் தெரிந்தவர், பேசக் கூடாத ஒன்றை ஒரு நாள் பேசிவிட்டார். அதுவும் தன் சம்பந்தியிடம்.

சம்பந்தி மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். டாக்டர்களின் கிறுக்கல் கையெழுத்தைப் படித்துப் படித்து, எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பார். அவருடைய மகனுக்கு லிப்ட்காரர் தன் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தார். பெண் பார்த்த பேச்சு முடிந்து இரண்டாம் முறை அந்த வீட்டுக்குப் போனபோது, அலமாரி மேல் ஒரு செஸ் பலகை இருப்பது அவர் கண்ணில் பட்டது. இவரும் மோட்டார் அறைகளில் காத்திருக்கும் நேரத்தில் போனில் செஸ் புதிர் போட்டுப் பழகியவர். "ஆடுவீங்களா?" என்று கேட்டார். "சுமாரா" என்றார் அவர். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்று இவர் அங்கே இருப்பார், அல்லது அவர் இங்கே இருப்பார். "கல்யாணம் யாருக்கு நடந்துச்சுன்னே தெரியல" என்று லிப்ட்காரரின் மனைவி சொல்லுவாள்.

அந்த ஞாயிறுகளில் ஒன்றில்தான் லிப்ட்காரர் தன் ராணியையே தூக்கிக் கொடுத்து அவரை மடக்கினார். சம்பந்தி ஆசையாக ராணியை வெட்டினார். அடுத்த இரண்டு நகர்த்தலில் அவருடைய ராஜா நடுப்பலகையில் மாட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் சிரித்தார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் யாராவது கடைசித் துண்டு கேக்கை எடுக்கப் போனால்கூட, "ராணியைத் தின்னாதீங்க சம்பந்தி, உள்ள ஏதோ இருக்கு" என்பது இரண்டு குடும்பத்துக்கும் வேடிக்கையாகிவிட்டது.

இரண்டு வருடத்தில் கல்யாணம் முறிந்துபோனது. அடிதடி இல்லை, குடி இல்லை, வேறு யாரும் நடுவில் இல்லை. மாப்பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். பிறகு வேலைக்குப் போவதைக் குறைத்தான். கடைசியில் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே குறைந்துபோனது. மகள் தனியாக முட்டிமோதிப் பார்த்துவிட்டு, இரண்டு பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

இரு வீட்டாரும் ஒரு பொது உறவினர் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. பேச்சு வழக்கம்போல யார் மேல் தப்பு என்பதில் போய் நின்றது. மருந்துக்கடைக்காரர், "கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம் பாப்பா" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மகளின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் லிப்ட்காரருக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"ஊருக்கெல்லாம் மாத்திரை குடுக்கறீங்க. உங்க பையனுக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கத் தெரியலையா?"

மருந்துக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது காரில் மகள் சொன்னாள். "அவர் ஆறு மாசமா டாக்டர்கிட்ட போயிட்டிருக்காருப்பா. தினமும் மாத்திரை சாப்பிடறாரு. மாமாதான் கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்து, பக்கத்துல உக்காந்து குடுப்பாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. அதனாலதான் நான் சொல்லல."

லிப்ட்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தார்.

அதன் பிறகு எத்தனையோ முறை போனைக் கையில் எடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே நின்றுவிடும். விவாகரத்து ஆன பின் 'சம்பந்தி' என்று கூப்பிட முடியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் கிடையாது. 'சார்' என்றால் கேலி செய்வதுபோல இருக்கும். போனைத் திரும்ப மேசையில் வைத்துவிடுவார். தன் ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு தெரு தள்ளி, வேறொரு கடையில் வாங்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். கடைசியில் மனைவி பொறுக்க முடியாமல், "நூலக மாடியில செஸ் கிளப் இருக்குதாமே, போய்ச் சேருங்களேன். கதவெல்லாம் வழுக்கிட்டுப் போகுது" என்றாள்.

கிளப்பில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன பிறகுதான் அந்தப் போட்டி வந்தது. வேலை பார்க்கிறவர்கள், கடைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள் ஆடும் போட்டி; சனிக்கிழமைகளில், ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. முதல் சனிக்கிழமையே நாலாவது வரிசையில் அந்த ஒல்லி முதுகை லிப்ட்காரர் பார்த்துவிட்டார். அவரும் இவரைப் பார்த்திருப்பார். தேநீர் வாளி இருக்கும் பக்கம் அவர் போனால் இவர் ஜன்னல் பக்கம் போனார். இப்படியே மூன்று சுற்று ஓடியது. நாலாவது சுற்றுக்கு யாருக்கு யார் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். பதினோராவது மேசை. வெள்ளைக் காய் இவருக்கு, கறுப்பு அவருக்கு.

மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். நடுவர் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாத குறைதான். "எல்லாரும் கை குடுத்துட்டு ஆரம்பிங்க" என்றார். பலகைக்கு மேலே இரண்டு கைகள் நீண்டன. மருந்துக்கடைக்காரரின் கை குளிர்ந்திருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது, தலை முழுக்க நரைத்துவிட்டதை லிப்ட்காரர் கவனித்தார். கடிகாரத்தை அழுத்திவிட்டார்கள்.

முதல் நகர்த்தல்கள் மளமளவென்று போயின. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிய அதே ஆட்டம். வெள்ளைக் குதிரை வெளியே வந்தது. கறுப்புச் சிப்பாய் நடுவில் நின்றது. கறுப்புக் குதிரை அந்தச் சிப்பாய்க்குக் காவலாக வந்தது. நாலாவது நகர்த்தலில் மருந்துக்கடைக்காரர் தன் மந்திரியைக் குறுக்காக ஓட்டி, வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போட்டார். அந்தக் குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி திறந்து கிடக்கும்.

இதற்குப் பதில் லிப்ட்காரருக்கு மனப்பாடம். ராணியைத் தூக்கிக் கொடுக்கும் அந்தப் பழைய வலையைக் கிளப்பில் சேர்ந்த பிறகு சரியாகக் கற்றுக்கொண்டிருந்தார். முதலில் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அந்த மந்திரியைப் பலகையின் ஓரத்துக்குத் துரத்த வேண்டும். அங்கே போனால் அதற்குக் காவல் இருக்காது. அதற்குப் பிறகுதான் குதிரையைப் பாய்ச்ச வேண்டும். அவசரப்பட்டுக் குதிரையை முதலில் பாய்ச்சினால், கறுப்புக் குதிரை அதை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்திலிருந்தே தன் மந்திரிக்கும் காவல் நிற்கும். வெள்ளைக்கு ஒரு குதிரை தண்டமாகப் போய்விடும்.

இதெல்லாம் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் பலகையைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த நரைத்த தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை முந்திக்கொண்டது. குதிரையை எடுத்து நடுச்சிப்பாயை வெட்டினார். கடிகாரத்தை அழுத்தினார். அழுத்திய விரலை எடுப்பதற்குள் ஓரத்துச் சிப்பாய் தன் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருப்பதைக் கண்டுவிட்டார்.

இரண்டு கையையும் மேசைக்கு அடியில் தொடைமேல் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கதவுக்கு வெளியே நின்று பேசும் அதே முகம்.

மருந்துக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். ராணி திறந்து கிடந்தது. ராணியை அவர் தொடவே மாட்டார் என்று இவருக்குத் தெரியும். மிச்சம் இருப்பது இரண்டு வழி: பாய்ந்து வந்த குதிரையைக் குதிரையால் வெட்டலாம், அல்லது சிப்பாயால் வெட்டலாம். குதிரையால் வெட்டினால் இவர் கதை முடிந்தது. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. மருந்துக்கடைக்காரர் ஒரு முறை விரல்களைக் குதிரையின் தலைக்கு நேரே கொண்டுவந்து, தொடாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். பக்கத்து மேசையில் ஒரு ஆட்டமே முடிந்து அவர்கள் எழுந்து போனார்கள். இருபத்தேழாவது நிமிடத்தில் அவர் சிப்பாயால் வெட்டினார்.

லிப்ட்காரர் மூச்சை மெல்ல விட்டார். இப்போது கறுப்பு மந்திரிக்குக் காவல் கிடையாது. ராணியால் அதை எடுத்துக்கொண்டார். குதிரைக்கு மந்திரி சரியாகப்போய், ஒரு சிப்பாய் இவருக்கு லாபம்.

அத்தனை நேரம் யோசித்துவிட்டுச் சிப்பாயை இழந்தது மருந்துக்கடைக்காரருக்கு உறுத்தியிருக்க வேண்டும். அடுத்ததை யோசிக்காமலே ஆடினார். காவலுக்கு நின்ற குதிரையை நடுப்பலகைக்குப் பாய்ச்சினார். அடுத்த தாவலில் ராஜாவுக்குச் செக் சொல்லிக்கொண்டே மூலையில் இருக்கும் யானையைத் தூக்குவதுதான் நோக்கம். நல்ல மிரட்டல்தான். ஆனால் லிப்ட்காரருக்கு இப்போது கண் பலகையில் இருந்தது. ராணியைக் குறுக்காக ஒரு கட்டம் முன்னே ஏற்றி நிறுத்தினார். அங்கிருந்து அது கறுப்பு ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைக் குறி வைத்தது. தடுக்காவிட்டால் அடுத்த நகர்த்தலில் செக்மேட்.

மருந்துக்கடைக்காரர் தன் ராணியை ராஜாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் ஆட்டம் இன்னும் இருந்திருக்கும். அவர் சிப்பாய் ஒன்றைத் தள்ளி, வெள்ளை ராணியைத் துரத்தப் பார்த்தார். யாரும் செய்வதுதான்; கை தானாகவே அங்கே போகும். ராணி ஓடவில்லை. நேராக நடுவுக்கு வந்து, அனாதையாக நின்ற கறுப்புச் சிப்பாயை வெட்டி, செக் சொன்னது. அங்கே நின்றுகொண்டு ராஜாவையும், பாய்ந்து வந்த குதிரையையும், இப்போது தள்ளிய சிப்பாயால் வழி திறந்துபோன மூலை யானையையும் ஒரே நேரத்தில் பார்த்தது.

மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ராணியை ராஜாவுக்கு முன்னால் வைத்துச் செக்கை மறைத்தார். குதிரை போனது. யானையைக் காப்பாற்ற இன்னொரு குதிரையைக் குறுக்கே வைத்து, பத்தொன்பதாவது நகர்த்தல்வரை இழுத்துப் பார்த்தார். பிறகு ராஜாவை மெதுவாகச் சாய்த்துவிட்டு, கையை நீட்டினார்.

இருவரும் நகர்த்தல்களைக் குறித்த தாள்களை மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். எழுந்து போகவேண்டியதுதான். யாரும் எழுந்திருக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது நகர்த்தல் வந்ததும் நிறுத்தினார். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவர் ஆசிரியை வந்து, "பேசறதா இருந்தா வெளிய போய்ப் பேசுங்க சார், இங்க ஆட்டம் நடக்குது" என்றார். இரண்டு வருடமாகப் பேசாத இருவரும் ஒரு பழைய பலகையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள்.

வராந்தாவில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பெஞ்சில், பலகையை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"குதிரையால வெட்டியிருந்தா?" என்றார் மருந்துக்கடைக்காரர். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஏதோ ஒரு பதில் வைத்திருந்ததாகக் காட்டியிருந்தால் அவர் நம்பியிருப்பார். லிப்ட்காரர் ஓரத்துச் சிப்பாயைத் தொட்டுக் காட்டினார்.

"இதை முதல்ல தள்ளியிருக்கணும். மறந்துட்டேன். குதிரையால வெட்டியிருந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு குதிரை போயிருக்கும்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

மருந்துக்கடைக்காரர் கறுப்புக் குதிரையை எடுத்து வெட்டிப் பார்த்தார். இவர் ராணியை நகர்த்தினார். அவர் இன்னொரு காயை வெட்டினார். இரண்டு முறை திருப்பி வைத்து ஆடிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"இதைத்தான் நானும் பார்த்தேன்" என்றார் அவர். "முதல் நிமிஷத்துலயே பார்த்தேன். ஆனா நீங்க கணக்குப் போடாம எதையும் வைக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். இருபத்தேழு நிமிஷமும் நீங்க என்ன வெச்சிருக்கீங்கன்னு தேடிக்கிட்டு இருந்தேன்."

லிப்ட்காரர் ஓரத்துச் சிப்பாயை அதன் கட்டத்தில் நேராக வைத்தார். பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு அந்த வீட்ல நான் சொன்னதும் அப்படித்தான். தம்பி மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியாது. வண்டியில ஏறின பிறகுதான் பாப்பா சொன்னா."

மருந்துக்கடைக்காரர் கறுப்பு ராணியைக் கையில் எடுத்து, அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணி பிரிந்திருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"தெரிஞ்சு சொன்னீங்கன்னுதான் நினைச்சேன்" என்றார். "பாப்பா சொல்லியிருக்கும், தெரிஞ்சே எங்க அடிச்சா வலிக்குமோ அங்க அடிச்சுட்டாருன்னு. இத்தனை நாளா அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"தெரியாது. ஆனா தெரியாட்டியும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பவே வந்து கேட்டிருக்கணும். எந்த முகத்தோட வர்றதுன்னு..."

"நானும் பாப்பாவைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அது எவ்வளவு பொறுத்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும்."

உள்ளே யாரோ கடிகாரத்தை ஓங்கி அழுத்தும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக நடுவர் இவர்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"தம்பி எப்படி இருக்கான்?"

"பரவாயில்ல. காலைல எந்திரிக்கறான். அரை நாள் வேலைக்குப் போறான். நல்ல நாளும் இருக்கு, மோசமான நாளும் இருக்கு. பாப்பா?"

"வேலை மாறிட்டா. மொட்டை மாடியில செடி வெக்கறேன்னு ஒரே மண்ணு. அவங்க அம்மா கத்திக்கிட்டே கூட்டிக்கிட்டு இருக்கா."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. பிறகு இருவரும் ராணி செக் சொன்ன இடத்தை வைத்துக்கொண்டு, எதை எங்கே நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று அரை மணி நேரம் பேசினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் லிப்ட்காரர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் கை மண்ணைக் கழுவிவிட்டு வந்து நின்று கேட்டாள்.

"நீங்க பேசினது நல்லதுதாம்பா" என்றாள். "ஆனா இதை வெச்சு வேற எதையும் ஆரம்பிச்சுடாதீங்க. நானும் அவரும் முடிச்சது முடிச்சதுதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லல. உங்க முகம் சொல்லுது."

அவள் சொன்னது சரிதான் என்று அவருக்கே தெரிந்தது. மனசின் ஒரு மூலையில் அப்படி ஒரு நினைப்பு வந்திருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களும் திரும்ப வரவில்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதற்கு இப்போது காரணம் எதுவும் இல்லை. இரண்டு பேருமே அதைப் புரிந்துகொண்டார்கள். மாத்திரையை மட்டும் பழைய கடையில் வாங்க ஆரம்பித்தார். கடையில் கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் ஐந்து நிமிடம் நின்று பேசுவார். பெரும்பாலும் செஸ்தான்.

போட்டியின் கடைசிச் சனிக்கிழமை. லிப்ட்காரர் நூலகத்துக்கு வந்தபோது வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. மருந்துக்கடைக்காரர் இறங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தார். ஓட்டுகிற இடத்தில் அவருடைய மகன் இருந்தான். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, மருந்தால் இருக்கலாம். முகம் தெளிவாக இருந்தது. இவரைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினான்.

"நல்லா இருக்கீங்களா மாமா?"

லிப்ட்காரர் ஜன்னல் பக்கம் குனிந்தார். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்ததை இவனிடமும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அன்னைக்கு அப்பாகிட்ட உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லிட்டேன் தம்பி. உன் காதுக்கும் வந்திருக்கும். மனசுல வெச்சுக்காத."

அவன் புரியாமல் பார்த்தான். "என்ன வார்த்தை? அப்பா எதுவும் சொல்லலையே. உங்களுக்கு வேலை ஜாஸ்தி, அதான் ஞாயித்துக்கிழமை வர்றதில்லைன்னு சொல்லுவாரு."

லிப்ட்காரர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன வார்த்தை என்று அவன் இன்னொரு முறை கேட்கவில்லை. "உள்ள ஆரம்பிச்சுடப் போறாங்க மாமா" என்று மட்டும் சொன்னான். அவர் அவன் தோளை ஒரு தரம் தட்டிவிட்டு மாடிப்படி ஏறினார்.

மேலே கடிகாரங்கள் ஓட ஆரம்பித்திருந்தன. எதிரே ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவருடைய நேரத்தில் ஆறு நிமிடம் போய்விட்டிருந்தது. கை கொடுத்துவிட்டு உட்கார்ந்து ஆடினார். கவனம் எங்கேயோ இருந்தது. இருபத்திரண்டாவது நகர்த்தலில் ஒரு யானையைச் சும்மா விட்டுக்கொடுத்துத் தோற்றார். அந்தப் பெண், "எங்க தப்பு பண்ணீங்கன்னு பார்க்கலாமா சார்?" என்று மரியாதையாகக் கேட்டாள். பார்க்கலாமே என்று அவளோடு வராந்தாவுக்கு வந்தார். அங்கே மருந்துக்கடைக்காரர் தன் ஆட்டத்தையும் தோற்றுவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இவர்களுக்கு இடம் விட்டார்.